டிஐ-84 பிளஸ் சிஇ: எதை முதலில் கணக்கிடும், எந்த எண்ணில் நின்றுபோகும்

ராமநாதபுரம் கடைவீதியில் கால்குலேட்டர் கேட்டால் கேசியோ எஃப்எக்ஸ்-991 வகையைத்தான் எடுத்து வைப்பார்கள். சூத்திரத்தைத் தட்டினால் வரைபடம் போட்டுக் காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர் கடையில் வாங்குகிற பொருளாக இங்கே இன்னும் ஆகவில்லை. கீழக்கரை, தொண்டிப் பக்கம் அது பெரும்பாலும் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊருக்கு வருகிற உறவினரின் பெட்டியில் வந்து சேரும். அப்படி வருவதில் அதிகம் கண்ணில் படுவது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஐ-84 பிளஸ் சிஇ. 2015-இல் வந்த வண்ணத்திரை மாடல். வெளிநாட்டில் நூறு டாலருக்கு மேல் விலை. அதே பையில் சில நேரம் கேசியோ எஃப்எக்ஸ்-9750ஜிIII-ம் வரும். அது கருப்பு வெள்ளைத் திரை, விலை குறைவு.

திரையின் அழகையும் பேட்டரியையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த விமர்சனம் இரண்டே விஷயங்களைப் பார்க்கிறது: தட்டிய கணக்கில் எதை முதலில் செய்கிறது, எவ்வளவு பெரிய, எவ்வளவு சிறிய எண்ணை அதனால் தாங்க முடிகிறது. இரண்டாவதில் தவறினால் பல நேரம் கருவியே எர்ரர் காட்டிவிடும். முதலாவதில் தவறினால் ஒரு எச்சரிக்கையும் வராது. பளிச்சென்று ஒரு தப்பான விடை வந்து நிற்கும். அதனால் வரிசையைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பெருக்கல் குறி போடாத பெருக்கலில் தொடங்கலாம். 6÷2(1+2) என்று தட்டினால் டிஐ-84 சொல்வது 9. கேசியோ எஃப்எக்ஸ்-9750ஜிIII சொல்வது 1. கடையில் கிடைக்கும் எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸும் 1 என்றே சொல்லும். எந்தக் கருவியும் பழுதில்லை. டிஐ-84-க்குக் குறி போட்ட பெருக்கலும் போடாத பெருக்கலும் ஒரே தரம். வகுத்தலோடு சேர்த்து இடமிருந்து வலமாக வரிசையாகச் செய்துகொண்டு போகும். கேசியோவோ, ஒட்டி எழுதிய பெருக்கலை ஒரே துண்டாக எடுத்துக்கொண்டு வகுத்தலுக்கு முன்பே முடித்துவிடும். எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் இன்னும் ஒரு படி நல்லது: எண்டர் அழுத்தியதும் தானாகவே அடைப்புக்குறி போட்டு, 6÷(2(1+2)) என்று எப்படிப் புரிந்துகொண்டது என்பதையும் காட்டிவிடும். டிஐ-யில் அந்த வசதி இல்லை, இருந்திருக்க வேண்டும்.

இது விடுகதைக் கணக்கு மட்டுமே என்று நினைக்க வேண்டாம். 1÷2பை என்று தட்டிப் பாருங்கள். டிஐ-யில் 1.570796327 வரும், அதாவது பையில் பாதி. கேசியோவில் 0.1591549431 வரும், அதாவது இரண்டு பையில் ஒரு பங்கு. அலைவெண் சூத்திரங்கள் பலவற்றில் இந்த 2பை கீழே உட்கார்ந்திருக்கும். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் பின்னமாக, மேலே ஒன்று கீழே இரண்டு பை என்று அச்சிட்டிருப்பதை ஒரே வரியில் தட்டும்போதுதான் தவறு நடக்கிறது.

கிராஃப் வரையும்போது இதே தவறு படமாகவே தெரியும். பாக் விரிகுடாவில் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் வரைந்து பார்க்க அருமையான பாடம். முக்கியமான சந்திர ஓதத்தின் காலம் 12.42 மணி. வீச்சு 0.3 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, சூத்திரம் எழுதும் ஒய் சமம் பக்கத்தில் .3சைன்(2பை/12.42எக்ஸ்) என்று தட்டினால் டிஐ-84 சரியான அலையை வரையும், 2பை/12.42 முதலில் முடிந்து, அதன்பின் எக்ஸால் பெருக்கும். எக்ஸ் 3.105 மணி, அதாவது கால் சுற்று ஆனதும் உயரம் 0.3 மீட்டர். அதே எழுத்துகளைக் கேசியோவில் தட்டினால் 12.42எக்ஸ் ஒரே துண்டாகிக் கீழே போய்விடும், 3.105 மணிக்கு உயரம் ஏறக்குறைய 0.049 மீட்டர் என்று காட்டும். முப்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. அலையும் அலையாக இருக்காது. சுழியத்துக்கு அருகே நெருக்கமாகத் துடித்து, வலப்பக்கம் போகப்போகப் படுத்துவிடும்.

ஒரே வகுப்பில் ஒரு பிள்ளையிடம் டிஐ-யும் பக்கத்துப் பிள்ளையிடம் கேசியோவும் இருந்தால், பலகையில் எழுதிப்போடும் ஆசிரியர் இதை மனதில் வைத்தே ஆக வேண்டும். (2பை/12.42)*எக்ஸ் என்று எழுதிப்போட்டால் இரண்டிலும் ஒரே படம் வரும். டிஐ வீட்டுக்குள்ளேயே இந்த விதி ஒரு காலத்தில் மாறியிருக்கிறது. 1993-இல் வந்த டிஐ-82, 1/2எக்ஸ் என்பதை 1/(2எக்ஸ்) என்று படித்தது. 1996-இல் வந்த டிஐ-83-லிருந்து அது (1/2)எக்ஸ் ஆனது. பழைய டிஐ கையேட்டின் நகலை வைத்துப் படிப்பவர்கள் இங்கே குழம்பிப் போவது இயல்பு.

படம் நேர்க்கோடாக, எக்ஸ் அச்சோடு ஒட்டிக் கிடந்தால் அது வரிசைத் தவறு இல்லை. மோட் பக்கத்தில் டிகிரி தேர்வாகியிருக்கும். ரேடியனுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது எதிர்க்குறி. டிஐ-யில் கழித்தலுக்கு வலப்பக்கம் ஒரு பொத்தான், எதிர் எண்ணுக்கு எண்டர் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கோடு போட்ட இன்னொரு பொத்தான். 3× தட்டிவிட்டுக் கழித்தல் பொத்தானால் −2 போட்டால் சின்டாக்ஸ் எர்ரர். வரியின் தொடக்கத்திலேயே கழித்தல் பொத்தானை அழுத்தினால் எர்ரர் கூட வராது. முந்தைய விடையைக் குறிக்கும் ஆன்ஸ் தானாக முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். முந்தைய விடை 40 என்றால் −7 என்று தட்டியவருக்கு 33 கிடைக்கும். புதிதாகக் கையில் எடுப்பவர்கள் அதிகம் இடறுவது இந்த இடத்தில்தான். திரையில் ஆன்ஸ் என்ற சொல் நிற்கிறதா என்று ஒரு கண் பார்ப்பது மட்டுமே வழி.

பொத்தான் சரியாக இருந்தாலும் வரிசை காத்திருக்கிறது. வர்க்கம் முதலில், எதிர்க்குறி பிறகு. ஆகவே -2² என்பதற்கு விடை -4. கேசியோவிலும் அதேதான், கணிதப் புத்தகத்திலும் அதேதான். எக்செலில் மட்டும் =-2^2 என்று போட்டால் 4 வரும்; கணினியில் சரிபார்த்துவிட்டுக் கால்குலேட்டரைக் குறை சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விலகல்களின் வர்க்கத்தைக் கூட்டும்போது இதன் அடி பெரிது. விலகல்கள் -0.3, 0.4. √(-.3²+.4²) என்று தட்டினால் 0.2646 அளவில் வரும். √((-.3)²+.4²) என்று தட்டினால்தான் சரியான 0.5. எதிர் எண்ணை முதலில் ஒரு எழுத்தில் சேமித்து அந்த எழுத்தை வர்க்கப்படுத்தினால் அடைப்புக்குறி தேவையில்லை; சேமித்த எண் குறியோடு முழுதாக வந்து நிற்கும்.

அடைப்புக்குறியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிஐ-யில் சைன், லாக் பொத்தான்களை அழுத்தினால் திறக்கும் குறி தானாக வந்துவிடும். கடைசியில் மூடாமல் எண்டர் அழுத்தினாலும் கருவி ஏற்றுக்கொள்ளும். இந்தச் சலுகை பழகிவிட்டால் ஆபத்து. கலங்கரை விளக்கு எவ்வளவு தூரத்தில் கண்ணுக்குத் தெரியும் என்ற கணக்கைப் பாருங்கள். அடிவானத் தூரம் கிலோமீட்டரில் ஏறக்குறைய 3.57 பெருக்கல் மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலம். விளக்கு 50 மீட்டர் உயரத்திலும் படகில் நிற்பவரின் கண் 3 மீட்டர் உயரத்திலும் இருந்தால் இரண்டு வர்க்கமூலங்களையும் கூட்டிவிட்டு 3.57-ஆல் பெருக்க வேண்டும்: 3.57(√(50)+√(3)), விடை 31.43 கிலோமீட்டர். வெளி அடைப்பை விட்டுவிட்டு 3.57√(50)+√(3) என்றால் 26.98. உள் அடைப்பை மூடாமல், எல்லாம் ஒரே வரியில் தெரியும் கிளாசிக் வடிவில் 3.57√(50+√(3 என்று தட்டினால் 25.68. மூன்றுமே பார்க்க நம்பும்படியான தூரங்கள். அதனால்தான் சொல்கிறேன், மூடும் குறியை ஒருபோதும் கருவியின் கையில் விடாதீர்கள்.

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழக்கமான, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் இதே தவறு உடனே பிடிபடும். நீரைவிடக் கனமான திரவத்துக்கு ஒப்படர்த்தி = 145/(145−போமே). 25 போமேயில் ஒப்படர்த்தி 1.2083. அடைப்பில்லாமல் 145/145-25 என்று தட்டினால் -24. எதிர் அடர்த்தி என்று ஒன்று இல்லை என்பதால் யாரும் ஏமாற மாட்டார்கள். எல்லாச் சூத்திரங்களும் இப்படி நியாயமாக நடந்துகொள்வதில்லை.

அடுக்கின் மேல் அடுக்கு வரும்போது டிஐ-84 இரண்டு விதமாக நடந்துகொள்ளும். மோட் பக்கத்தில் கிளாசிக் வைத்திருந்தால் 2^3^2 இடமிருந்து வலமாகப் போய் 64. மேத்பிரிண்ட் வைத்திருந்தால் இரண்டாவது அடுக்கு முதல் அடுக்கின் தலைமேல் ஏறி உட்காரும், விடை 512. கணிதத்தில் ஒப்புக்கொண்ட பொருள் 512-தான். மேத்பிரிண்டில் வைத்துக்கொள்வதே நல்லது. பின்னமும் அடுக்கும் புத்தகத்தில் இருப்பதுபோலவே தெரியும், பாதித் தவறுகள் அங்கேயே ஒழியும். ஆனால் அடுக்கைத் தட்டி முடித்ததும் வலது அம்புக்குறியை அழுத்திக் கீழே இறங்க வேண்டும். இறங்காமல் +1 தட்டினால் அதுவும் அடுக்கிலேயே சேர்ந்துவிடும்.

சைன்(30)² டிகிரியில் டிஐ-க்கு 0.25. எஃப்எக்ஸ்-9750ஜிIII-இல் சைன் 30² என்று அடைப்பில்லாமல் தட்டினால் 900 டிகிரியின் சைன், ஆகவே 0. பின்னால் வரும் வர்க்கக்குறிதான் அங்கே முதலில் வேலை செய்கிறது.

இனி எல்லைகள். மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும்: 10, 14, 99. திரையில் காட்டுவது 10 இலக்கம். உள்ளே வைத்திருப்பது 14 இலக்கம். பத்தின் அடுக்கு போகக்கூடியது -99 முதல் 99 வரை. கேசியோ 9750-இல் நடு எண் மட்டும் 15.

உள்ளே ஒளிந்திருக்கும் இலக்கங்களைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை. 1/3 தட்டி எண்டர் அழுத்துங்கள்: .3333333333. இப்போது அதிலிருந்து .3333333333-ஐக் கழியுங்கள். சுழியம் வராது, 3.333ஈ-11 வரும் (ஈ-11 என்றால் பெருக்கல் பத்தின் -11 அடுக்கு). திரையில் பத்து மூன்றுகள் போக உள்ளே இன்னும் நான்கு மூன்றுகள் இருந்தன என்று பொருள்.

இந்த நான்கு இலக்கங்களை மதிக்காமல் விடையைத் தாளில் எழுதி மறுபடி தட்டுகிறவர்கள் எவ்வளவு இழக்கிறார்கள் என்பதற்குக் கடற்கரையில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. இரண்டு ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு இடையே தூரம் காணக் கோளக் கொசைன் சூத்திரம் போட்டால், கடைசியில் ஒரு கொசைன் மதிப்பு கிடைக்கும். அதை நேர்மாறு கொசைனில் கொடுத்து, வரும் ரேடியனை 6371 கிலோமீட்டரால் பெருக்க வேண்டும். புள்ளிகள் 100 மீட்டர் தள்ளி இருந்தால் அந்த மதிப்பு ஒன்றுக்கு மிக மிக அருகில், திரையில் .9999999999 என்று நிற்கும். அதை எழுதிவைத்து மறுபடி தட்டினால் தூரம் 90 மீட்டர். 120 மீட்டர் தள்ளி இருந்த புள்ளிக்கு 127 மீட்டர். 60 மீட்டர் என்றால் திரையில் வெறும் 1, தூரம் சுழியம். வலை போட்ட இடத்தைத் தேடுகிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. தாளில் எழுதாமல் ஆன்ஸைக் கொண்டே தொடர்ந்தால் பதினான்கு இலக்கமும் கூடவே வரும், பிழை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். பல புள்ளிகள் இருந்தால் ஸ்டோ பொத்தானால் ஒவ்வொரு எழுத்தில் சேமியுங்கள்.

அதே கணக்கில் இன்னொரு குழி. படகில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் பெரும்பாலும் டிகிரியும் தசம நிமிடமுமாகக் காட்டும்: 9 டிகிரி 16.5 நிமிடம். அதை 9.165 என்று தட்டக்கூடாது. 9+16.5/60, அதாவது 9.275. வித்தியாசம் 0.11 டிகிரி, அட்சரேகையில் 6.6 கடல் மைல், 12 கிலோமீட்டருக்கு மேல். காஸ்(9+16.5/60) என்று முழுவதையும் அடைப்புக்குள் வைத்தால் வரிசைச் சிக்கலும் இல்லை. இந்தக் கணக்குக்கு மோட் டிகிரியில் இருக்கட்டும். கடைசிப் பெருக்கலுக்கு மட்டும் விடையைப் பை/180-ஆல் பெருக்கி ரேடியனாக்கிக்கொள்ளுங்கள்.

மேல் எல்லையைத் தொட எளிய வழி காரணீயப் பெருக்கம், அதாவது ஃபாக்டோரியல். 69! வரை வரும், 1.711224524ஈ98. 70! தட்டினால் ஓவர்ஃப்ளோ எர்ரர். ஆனால் 70 பேரில் இருவரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 2415 மட்டுமே, அதை 70!/(68!*2!) என்று போட்டால் சின்ன விடைக்கும் எர்ரர்தான் வரும். சேர்வுக்கென்று இருக்கும் என்சிஆர் கட்டளையில் 70 என்சிஆர் 2 என்று போட்டால் உடனே 2415. எல்லையைத் தாண்டுவது விடை இல்லை, இடையில் வரும் எண்.

கீழ் எல்லை இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே எர்ரரே கிடையாது. மிகச் சிறிய எண் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். 1ஈ-60*1ஈ-60*1ஈ80 என்றால் 0. அதே மூன்று எண்களை 1ஈ-60*1ஈ80*1ஈ-60 என்று வரிசை மாற்றினால் 1ஈ-40. பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது என்று ஐந்தாம் வகுப்பில் படித்தது இந்தக் கருவிக்குள் எல்லா நேரமும் செல்லுபடியாகும் என்று சொல்ல முடியாது.

கல்லூரி இயற்பியல் மாணவர்கள் இதில் நேராகப் போய் மோதும் இடம் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் மாறிலி. சூத்திரம் 2பை⁵கே⁴/(15எச்³சி²); கே போல்ட்ஸ்மன் மாறிலி, சி ஒளியின் வேகம். பிளாங்க் மாறிலி எச் 6.626ஈ-34, அதன் கனம் 2.9ஈ-100 அளவு. எல்லைக்குச் சற்றே கீழே என்பதால் கருவி அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும், பகுதி முழுதும் சுழியமாகும், கடைசியில் சுழியத்தால் வகுக்கிறாய் என்று எர்ரர். மாணவர் தன் சூத்திரத்தைத் தேடித் தேடிப் பார்ப்பார். சூத்திரத்தில் தவறே இல்லை. வழி இதுதான்: கே/எச் முதலில் காணுங்கள், 2.0837ஈ10. அதைக் கனப்படுத்தி, இன்னொரு கே-யால் பெருக்கி, 2பை⁵-ஆல் பெருக்கி, (15சி²)-ஆல் வகுத்தால் 5.67ஈ-8 சரியாக வரும். சிறியதைச் சிறியதோடு முதலில் வகுத்துவிட்டால் எந்தப் படியும் எல்லையைத் தொடாது.

அந்த ஈ-யைப் பற்றியும் ஒரு சொல். அது செகண்ட் அழுத்திக் காற்புள்ளிப் பொத்தானில் வருவது. 1/2ஈ3 என்றால் 2000-இல் ஒரு பங்கு, 5ஈ-4. 1/2*10^3 என்றால் 500. ஈ ஒரு எண்ணின் பகுதி, பெருக்கல் அல்ல. அறிவியல் மாறிலிகளை எப்போதும் ஈ கொண்டே தட்டுங்கள். திரை தானாக இந்த வடிவத்துக்கு மாறுவதும் உண்டு: 0.001-க்குக் கீழே போனாலும் பத்து இலக்கம் தாண்டினாலும். 5ஈ-4 என்று வந்ததை 5 என்று எழுதிவைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடையின் வால் வரை படிக்கப் பழக்க வேண்டும்.

மற்ற எல்லைகள் அன்றாடத்தில் அதிகம் தட்டுப்படாதவை. சைன், காஸுக்குக் கொடுக்கும் எண் 1ஈ12-க்குள் இருக்க வேண்டும். ஒரு பட்டியலில் 999 எண்கள் வரை. 0^0 எர்ரர் காட்டும், அது நியாயமே. கிராஃபில் (எக்ஸ்²-4)/(எக்ஸ்-2) வரைந்தால் எக்ஸ் 2-இல் ஓட்டை தெரிய வேண்டும். -10 முதல் 10 வரையுள்ள சாதாரண ஜன்னலில் எந்தப் புள்ளியும் சரியாக 2-இல் விழாததால் கோடு முழுதாகத் தெரியும், இசட்டெசிமல் ஜன்னலில் ஓட்டை தெரியும். என்டெரிவ் கட்டளை 0.001 இடைவெளியில் இருபக்கமும் எடுத்துச் சரிவு காண்பதால், எக்ஸின் மட்டு மதிப்புக்குச் சுழியத்தில் சரிவு 0 என்று சொல்லும். உண்மையில் அங்கே சரிவே கிடையாது.

வாங்கலாமா? அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடி எழுதவோ வெளிநாட்டில் படிக்கவோ போகும் பிள்ளைக்குத் தாராளமாக வாங்கலாம். மேத்பிரிண்டில் வைத்து, மேலே சொன்ன கணக்குகளை இரண்டு நாள் தட்டிப் பழகினால் நம்பி வேலை செய்யும் கருவி. ஆனால் எஸ்ஏடியில் கணினிக்குள்ளேயே டெஸ்மாஸ் கிராஃபிங் கால்குலேட்டர் இருப்பதால் தேர்வுக்காக மட்டும் வாங்க வேண்டியதில்லை. நீட், ஜேஇஇ மெயின் எழுதுகிறவருக்கு இது பயன்படாது. அங்கே எந்தக் கால்குலேட்டருக்கும் அனுமதி இல்லை. குறியில்லாப் பெருக்கலில் கேசியோ முறைக்குப் பழகிய வீட்டில் எஃப்எக்ஸ்-9750ஜிIII எடுப்பதே குழப்பம் இல்லாதது, விலையும் கையைக் கடிக்காது.

கடலோரத்தில் வைத்துக்கொள்ள இரண்டு குறிப்புகள். கேசியோவில் நான்கு டிரிபிள்-ஏ பேட்டரி. கச்சான் காற்றில் உப்பு ஏறும் மாதங்களில் பயன்படுத்தாமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு பிடிக்கும். டிஐ-84 பிளஸ் சிஇ-யில் உள்ளே சார்ஜ் ஏற்றும் பேட்டரி, அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சார்ஜ் துளை மினி யுஎஸ்பி. இன்றைய போன் சார்ஜர் எதுவும் பொருந்தாது, உள்ளூர் கடைகளில் அந்தக் கேபிளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அங்கிருந்து அனுப்புகிறவரிடம் பெட்டியோடு கேபிளையும் மறக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.